தரையில படாத குளம்பு

தாமரைச்செல்விக்கு நாப்பது வயசு. டீச்சர் வேலைய விட்டுட்டு ஆராய்ச்சிக்கு வந்தவ. அவளுக்கு கைடா வாய்ச்ச நஸ்ரினுக்கு முப்பத்திரெண்டுதான். இவ அவள 'மேடம்'பா, அவ இவள 'அக்கா'ம்பா.

நஸ்ரின் வெளியூர் போய்ட்டு ஒரு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் வந்திருந்தா. ஆட்டுக் கொட்டகை வாசல்லயே எக்ஸ்ரே படத்தோட மறிச்சுக்கிட்டா தாமரை.

"உங்க தகடு தோத்துப் போச்சு மேடம். இந்தா பாருங்க. ஒடஞ்ச எடத்துல ஒரு பொட்டு எலும்பு வளரல."

அது நகம் அளவுக்கு மெல்லிசான தகடு. அழுத்தினா துளியூண்டு மின்சாரம் வரும். அது பட்டா எலும்பு வளரும். ஆட்டுக் கால் ஒடஞ்ச எடத்துல வச்சுத் தச்சிருந்தாங்க, எலும்பு நகராம இருக்க வெளிய கம்பி போட்டு முடுக்கி.

"மத்த ஆட்டுக்கெல்லாம் வளருதே அக்கா?"

"அதுங்க நாதியத்துத் திரியுது. இத நான்ல பாத்துக்கறேன்! தழை கூட என் கையாலதான் ஊட்டுறேன்."

நஸ்ரின் உள்ள எட்டிப் பாத்தா. ஆடு ஊஞ்சல்ல இருந்துச்சு. வயித்துக்கடியில பழைய போர்வையக் குடுத்து உத்தரத்துல கட்டியிருந்துச்சு. ஒரு குளம்பும் தரையில படல.

"இது யாரு வேலை?"

"என் வேலைதான். உங்களுக்குக் கட்டுரை வந்தாப் போதும். வலிக்கிறது அதுக்குத்தான?"

நஸ்ரின் முடிச்ச அவுத்து, ஆட்ட மெதுவா எறக்கினா. கால் பட்டதும் அது வீல்னு கத்துச்சு.

"அடிப்பாவி! நீயெல்லாம் ஒரு மேடமா?"

நஸ்ரின் தழைக் கட்ட எடுத்து நாலடி தள்ளிப் போட்டா. ஆடு நின்னுச்சு. நடுங்குச்சு. அப்புறம் ஒரு எட்டு வச்சுச்சு.

"நொண்டுது."

"நொண்டட்டும். அழுத்தம் இல்லாம அந்தத் தகடு என்ன செய்யும்?"

"எனக்கே பாடமா? அதெல்லாம் தெரியும். அது கத்துறதக் கேக்க முடியல, அவ்ளோதான்."

சொல்லிட்டு சாணி, புழுக்கைன்னு பாக்காம அப்படியே கீழ உக்காந்துட்டா. கோவம் எங்கயோ எறங்கிப் போச்சு.

"இந்த ஆடு தேறினாத்தான மேடம் மனுசங்களுக்கு வைப்பாங்க? எங்க வீட்டுக்காரருக்கு வைப்பாங்க?"

லாரி இடிச்சு தொடையெலும்பு ஒடஞ்ச மனுசன். ஒரு வருசமாக் கட்டில்தான். எலும்பு இன்னும் கூடல.

"ஆஸ்பத்திரியில ஊனி நடக்கச் சொல்லி கட்டை குடுத்தாங்களே அக்கா?"

"குடுத்தாங்க. ஒரு தரம் ஊனினாரு. பல்லக் கடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அன்னைக்கே கட்டையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். அவருக்கு என்ன வேணுமோ நான் செய்யறேன்."

ஆடு இன்னொரு எட்டு வச்சுச்சு. தாமரை அதப் பாக்கல.

"முன்னெல்லாம் பஸ்சு நிக்கிற சத்தம் கேட்டாலே வெளிய வந்துருவாரு மேடம். லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பைய வாங்கக் கைய நீட்டிக்கிட்டு. இப்பவும் எறங்குனதும் என் கண்ணு வாசலுக்குத்தான் ஓடுது. பாழாப்போன கண்ணு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வந்து நிக்க மாட்டாரான்னு இருக்கு."

"நீங்க வர விட்டீங்களா அக்கா?"