தண்ணீரில் இறங்காத பயிற்சி

காட்டு ஏரியின் நடுவே ஒரு மேடு இருந்தது. கோடையில் முயல்களும் அணில்களும் அங்கே நடந்தே போய் இரை தேடும். மழை பிடித்துக்கொண்டால் மேட்டைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்துவிடும். போன மழையில் ஒரு முயல் குடும்பமே மூழ்கிச் செத்தது.

கரைக்குத் தலைவரான எருமை கூட்டம் போட்டது.

“இனிமேல் ஆமைகள்தான் நமக்குப் படகு! மாட்டிக்கொண்டவர்களை முதுகில் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும். அதற்கு முறையான பயிற்சி தேவை!”

பயிற்சி தர மயில் வந்தது. நாவல் மர நிழலில், காய்ந்த மணலில் பயிற்சிப் பட்டறை தொடங்கியது.

“எல்லாரும் சொல்லுங்கள்! முதுகு சாயாதே! தலை முழுகாதே!”

“முதுகு சாயாதே! தலை முழுகாதே!” என்று ஆமைகள் கத்தின. எல்லாரையும்விட உரக்கக் கத்தியது வைரவோடன் என்ற ஆமை. மயிலுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

குமிழி என்ற ஆமை மட்டும் முழித்துக்கொண்டிருந்தது. கூட்டத்திலேயே அதுதான் பெரிய பயந்தாங்கொள்ளி.

“ஐயா, ஒரு தடவை தண்ணீரில் இறங்கிப் பார்க்கலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது.”

மயில் தோகையைச் சிலுப்பியது. “நனைவதற்கு எதற்கம்மா பயிற்சி? நனையத்தான் எந்த முட்டாளுக்கும் தெரியுமே! இங்கே நாம் தண்ணீரைப் புரிந்துகொள்கிறோம்!”

ஆமைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

குமிழி யாருக்கும் தெரியாமல் ஏரிக்குப் போனது. ஒரு கிழட்டுத் தவளையைக் கெஞ்சி முதுகில் ஏற்றிக்கொண்டது. பாதி தூரம் போயிருக்கும். மேலே பருந்தின் நிழல் தெரிந்தது. அவ்வளவுதான், குமிழி ‘சளக்’கென்று தண்ணீருக்குள் போய்விட்டது!

தவளை நீந்தி வந்து முறைத்தது. “நான் தவளை, பிழைத்தேன். முயலாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?”

குமிழி மறுபடி முதுகைக் காட்டியது. “இன்னொரு தடவை ஏறுங்களேன்!”

அன்றும் மறுநாளும் தவளை முங்கி முங்கி எழுந்தது. திட்டிக்கொண்டே மறுபடி ஏறியது. கடைசியில், பருந்தின் நிழலைக் கண்டால் குமிழியின் தலை ஓட்டுக்குள் போனது. உடம்பு மட்டும் முங்கவில்லை.

சொட்டச் சொட்ட வகுப்புக்கு வந்த குமிழியை மயில் விரட்டிவிட்டது. “பட்டறையைச் சேறாக்குகிறாயே! வெளியே போ!”

மற்றவை கழுத்தில் தாமரைப்பூ மாட்டிக்கொண்டு தேர்ச்சி பெற்றன.

மழை கொட்டித் தீர்த்து வெயில் எட்டிப் பார்த்தது. மேட்டில் முயல்களும் அணில்களும் மாட்டிக்கொண்டு அலறின. வைரவோடன் முதலில் பாய்ந்தது. “முதுகு சாயாதே! தலை முழுகாதே!” என்று சொல்லிக்கொண்டே ஒரு முயலை ஏற்றி வந்தது. ஏரி நடுவில் பருந்தின் நிழல் விழுந்தது. பாட்டுப் பாதியில் நின்றது. ஆமை முங்கிவிட்டது! பின்னால் வந்த ஆமைகளும், இன்னும் யாரையும் ஏற்றாமலே, முங்கிவிட்டன.

“ஐயோ!” என்று முயல் தத்தளித்தது.

கரையில் நின்ற குமிழி தண்ணீரில் குதித்தது. முயலுக்கு அடியில் புகுந்து தூக்கிக் கரை சேர்த்தது. திரும்பிப் போய் ஓர் அணிலை ஏற்றியது. பருந்து மறுபடி வட்டமிட்டது. குமிழிக்கு உயிரே போய்விடும்போல் இருந்தது, ஆனாலும் முங்கவில்லை. இருட்டுவதற்குள் எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

மயில் தோகையை விரித்தது. “பார்த்தீர்களா? எல்லாம் என் பயிற்சி!”

குடித்த தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்த முயல் நிமிர்ந்தது. “அப்படியா ஐயா? உங்கள் செல்லப்பிள்ளை வைரவோடன்மேல் ஏறி மேட்டுக்கு ஒரு நடை போய்வாருங்களேன்!”

“எனக்கு... எனக்கு வேறு பட்டறை இருக்கிறது!” என்று மயில் மரத்தில் ஏறிக்கொண்டது.

“நாளையிலிருந்து பயிற்சி தண்ணீருக்குள்ளேதான்!” என்று உறுமியது எருமை.

மறுநாள் மயில் கிளையில் உட்கார்ந்து, “மூழ்காமல் இருப்பது எப்படி?” என்று உரக்கப் பாடம் நடத்தியது. கீழே மணலில் ஓர் ஆமைகூட இல்லை. எல்லாம் ஏரியில், முதுகில் தவளைகளோடு, முங்கி முங்கித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தன.

செய்து பார்க்காமல் கேட்டு மட்டும் கற்ற வேலை, ஆபத்து வரும் நேரத்தில் நம்மையும் காப்பாற்றாது, நம்மை நம்பி வந்தவரையும் காப்பாற்றாது.