பெயர் வைக்காத பிள்ளைகள்

மீனும் பறவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கெளுத்திக்கு மீசை கிடையாது. கெண்டைக்கு இருப்பதுபோல மழமழவென்ற முகம்தான்.

மலையடி ஆற்றில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன்னால், தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரிகிற ஒரு நாளில் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார்கள். வைக்கிறவர் நாரையார். குஞ்சை அருகில் வரச் சொல்லி, இதற்கு வாலில் கறுப்பு, இதற்குத் துடுப்பில் முள் என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொல்லுவார். அன்று முழுக்க அவருக்கு விரதம். மீனைத் தொடமாட்டார்.

கெளுத்தி தன் பிள்ளைகளை வாய்க்குள் அடைகாத்து வளர்த்தவள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயல். அவள் முறை வந்தது.

"வாயைத் திற தாயே, பிள்ளைகளைப் பார்க்கிறேன்" என்றார் நாரையார்.

அவள் அந்த நீளமான அலகைப் பார்த்தாள். வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"என்ன மதினி, ஊர்ப் பிள்ளைக எல்லாம் பேர் வாங்கிட்டு ஓடுதுக. உன் பிள்ளைகளை மட்டும் தங்கத்துலயா செஞ்சிருக்கு?" என்று கெண்டை கேலி பேசினாள்.

கெளுத்தி தலையை ஆட்டிவிட்டுப் பாறைக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். அவளுக்காக நாரையார் பொழுது சாயும்வரை பசியோடு நின்றார். பிறகு பறந்து போய்விட்டார்.

கொஞ்ச நாளில் வெள்ளம் வந்தது. உருண்டு வந்த மரக்கட்டை ஒன்று மோதி, அவள் வாய் திறந்துகொண்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாய் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஓடைக்கு ஒன்று, பாறை இடுக்குக்கு ஒன்று, குகைத் தண்ணீருக்கு ஒன்று.

எப்படிக் கூப்பிடுவாள்? "கண்ணு, கண்ணு" என்றுதான் கூப்பிட்டாள். அயிரைக் குஞ்சு வந்தது. கெண்டைக் குஞ்சு வந்தது. "எங்களையா அத்தை கூப்பிட்டீங்க?" என்று கேட்டன. இல்லையம்மா, போய் விளையாடுங்கள் என்று அனுப்பிவைத்தாள். அவள் பிள்ளைகளும் எங்கேயோ அந்தக் குரலைக் கேட்டிருக்கும். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இருந்திருக்கும்.

அவள் நாரையாரிடம் போய் அழுதாள். இப்போதாவது பெயர் வையுங்கள் என்றாள்.

அவருக்கும் மனசு கேட்கவில்லை. "காணாத பிள்ளைக்கு எந்த அடையாளத்தைச் சொல்லி நான் பெயர் வைக்க? ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடி. நான் இல்லாவிட்டாலும், காண்கிறவர்கள் வைப்பார்கள்" என்றார்.

வெள்ளம் வடிந்தும் தண்ணீர் தெளியவில்லை. கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. அவள் ஆற்றுத்தாயை வேண்டினாள். "அம்மா, பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தொட்டாவது தெரிந்துகொள்கிறேன்."

வேண்டிக்கொண்டிருக்கும்போதே வாயோரத்தில் மெல்லிய விரல்களைப் போல மீசை முளைத்தது. அதை வைத்துக்கொண்டு கல் கல்லாகத் தடவத் தொடங்கினாள்.

அன்று முதல்தான் கெளுத்திக்கு மீசை. இன்றைக்கும் ஏதோ ஒரு மலையோடையில் யாரும் இதுவரை காணாத கெளுத்தி ஒன்று அகப்பட்டால், கண்டவர்கள் அதன் நிறத்தையும் முள்ளையும் மீசையையும் பார்த்து விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் பெயர் வைக்கிறார்கள். அவள் அந்தப் பிள்ளையை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, மற்ற பிள்ளைகளைத் தேடிக் கலங்கலுக்குள் தடவிக்கொண்டே போகிறாள்.