ஒன்பது சீட்டு

மாசானமுத்து செருப்பைக் கழற்றாமலே மடத்துக்குள் ஏறினார். பதினோரு வருஷமாக வந்து போகிற மனுஷர். வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அன்றைக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருந்தது? கையில் ஒரு மனு, நெஞ்சு முழுக்க எரிச்சல்.

உலகம்மை அம்மாள் மதில்சுவருக்குக் காவிப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார். அம்மாளுக்கு நாற்பத்து நாலு வயசு. மடத்துப் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோதே மாசானமுத்துவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. இருந்தாலும் குரு குருதானே. இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

"அம்மா, ஒரு கையெழுத்து வேணும். நாலு மணிக்குள்ள."

"செருப்பு, அண்ணாச்சி."

மாசானமுத்து வாசலுக்குப் போய்க் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். ஒன்று ஒரு பக்கம் கிடந்தது, மற்றது மறுபக்கம்.

"இப்ப சொல்லுங்க."

"அநியாயம் நடக்குதும்மா. பட்டப்பகல்ல, அதிகாரி கண்ணு முன்னால, ஓட்டைத் திருடுதானுவ."

விஷயம் இதுதான். கொற்றனேரிப் பாசன சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். கேட்டால் சின்னத் தேர்தல், ஆனால் மதகுச் சாவி தலைவர் கையில் இருக்கும். பத்து வருஷமாகத் தலைமடைக்காரர் கோமதிநாயகம் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். முறைத் தண்ணீர் என்று பேர். அவர் தென்னந்தோப்பில் வரப்பு தளும்பும். கடைமடையில் நாற்பது குடும்பம் நாற்றங்காலைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொள்ளும். இந்தத் தடவை கடைமடையிலிருந்து பேச்சித்தாய் துணிந்து நின்றாள். அவளுக்குச் சீப்புச் சின்னம், அவருக்குப் பூட்டு. பேச்சித்தாய்க்கு ஏஜெண்ட் நம்ம மாசானமுத்து.

இரண்டு தரப்பும் ஒன்றையொன்று நம்பிய லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஓட்டுப் பெட்டிக்கு அதிகாரி ஒரு பூட்டுப் போட்டார். அது போதாதென்று இவர்கள் ஒன்று போட்டார்கள், அவர்கள் ஒன்று போட்டார்கள். எண்ணுகிற இடத்தில் அவர்கள் வாங்கி வந்த டீயை இவர்கள் தொடவில்லை. இவர்கள் கொடுத்த முறுக்கை அவர்கள் சீந்தவில்லை. ஒருத்தன் தும்மினால் இன்னொருத்தன், "என்னவே அது, சைகையா?" என்று எழுந்து நின்றான். அதிகாரி புதுசு. பாவம், கர்ச்சீப்பைப் பிழிந்து பிழிந்து முகம் துடைத்தார்.

நேற்று எண்ணியபோது பேச்சித்தாய்க்கு முந்நூற்றுப் பதினெட்டு, கோமதிநாயகத்துக்கு முந்நூற்றுப் பதினேழு. ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தாள். கடைமடையில் வேட்டுப் போட்டார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையில் நாலு சீட்டு செல்லாது என்று தள்ளப்பட்டிருந்தது. தலைமடைக்காரர்கள் விடுவார்களா? மறு எண்ணிக்கை கேட்டார்கள். இன்று காலை எண்ணியபோது பேச்சித்தாயின் கட்டிலிருந்து அஞ்சு சீட்டு செல்லாமல் போனது. முந்நூற்றுப் பதிமூன்றுக்கு இறங்கிவிட்டாள்.

"அஞ்சு சீட்டையும் எதுக்குத் தள்ளினாங்க?" என்று கேட்டார் அம்மாள். கை பட்டை அடிப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டு கட்டத்துலயும் மை இருக்காம். அதனால செல்லாதாம்."

"இருந்துதா?"

"இருந்துதும்மா, இல்லேங்கல. ஆனா அது குத்தின மை இல்ல. மடிச்சதுல ஒட்டின மை. நம்ம ஜனம் என்ன செய்யும்? எவன் எட்டிப் பாப்பானோன்னு பயம். முத்திரையைக் குத்தின கையோட, மை காயுமுன்ன, நடுவுல குறுக்க மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு ஓடி வாரான். மேல் கட்டத்து மை கீழ் கட்டத்துல ஒட்டாம என்ன செய்யும்? இதுகூடத் தெரியாதவன்லாம் ஒரு அதிகாரி."

"ஒட்டின மைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அய்ய, அது சுலபம்மா. இங்க தாங்க."

இதில் அவருக்கு ஒரு குஷி வந்துவிட்டது. சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்தார். காவி வாளியில் விரலை நனைத்து, தாளின் மேல்பாதியில் ஒரு கூட்டல் குறி போட்டார். அதன் நாலு கை நுனியையும் வலப்பக்கமாக வளைத்துவிட்டார்.

"ஓட்டு முத்திரை இப்படித்தான் இருக்கும். நாலு கையும் வலப்பக்கம் வளையும். இப்பப் பாருங்க."

தாளைக் குறுக்கே மடித்து ஒரு தட்டுத் தட்டிப் பிரித்தார். கீழ்ப்பாதியிலும் ஒரு குறி விழுந்திருந்தது, கொஞ்சம் மங்கலாக. அதன் கைகள் இடப்பக்கம் வளைந்திருந்தன.

"பாத்தீங்களா? வலம் போனா குத்தினது. இடம் போனா ஒட்டினது. முத்திரையை இப்படிச் செஞ்சு வச்சிருக்கதே இதுக்குத்தான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிரும்."

அம்மாள் காவி அடித்த மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"நல்லாச் சொல்லிக் கொடுத்தீங்க அண்ணாச்சி. எனக்கு இது தெரியாது."

"இதைத்தான் மனுவுல எழுதியிருக்கேன். அதிகாரி நாலு மணி வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்காரு. மடத்துத் தலைவி கையெழுத்து இருந்தா மறுவார்த்தை பேச மாட்டாரு. நீங்களும் சங்கத்துல உறுப்பினர்தானே."

அம்மாள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மனுவைப் படித்தார். நிதானமாகப் படித்தார். மாசானமுத்துவுக்கு நிலைகொள்ளவில்லை.

"அஞ்சு சீட்டுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா, அஞ்சுதான்."

"நேத்து நாலு சீட்டைத் தள்ளினாங்கன்னு சொன்னீங்களே. அது எதுக்கு?"

மாசானமுத்து வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுலயும் ரெண்டு கட்டத்துலயும் மை இருந்துது."

"தள்ளணும்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். ஏஜெண்ட்டுன்னா சொல்லத்தானே செய்யணும்? ரெண்டு கட்டத்துல மை இருந்தா செல்லாதுன்னேன். அதிகாரியும் சரின்னு எழுதிக்கிட்டாரு. அதையே இன்னைக்குப் பிடிச்சுக்கிட்டு எங்க தலையிலயே போடுதானுவ."

"அந்த நாலும் இதே மாதிரிதானே?"

"அது வேறம்மா."

"எப்படி வேற?"

"அது அவங்க சீட்டு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அம்மாள் காவிக் குறி போட்ட தாளை அவர் முன்னால் நீட்டினார்.

"நேத்து அந்த நாலுலயும் கை எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துது, அண்ணாச்சி?"

கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்த அம்மாளிடம் அது வாயில் வரவில்லை.

"பூட்டுல வலம். சீப்புல இடம்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன்."

வாளியின் ஓரத்தில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. மாசானமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வெடித்தது.

"என்னைக் குத்தவாளியாக்கிட்டீங்க, சரி. பத்து வருஷமா எங்க வயித்துல அடிச்சானே, அவன் குத்தவாளி இல்லையா? போன கார்த்திகையில பேச்சித்தாய் நாலு நாள் குடத்துல தண்ணி சுமந்து நாத்துக்கு ஊத்தினா. நாலாம் நாள் வரப்புலயே மயங்கி விழுந்தா. அன்னைக்கு அவன் தோப்புல தண்ணி முழங்கால் அளவு நின்னுது. இந்தத் தடவையும் சாவி அவன்கிட்டயே போச்சுன்னா நாங்க நெலத்தை வித்துட்டுத் திருப்பூருக்குத்தான் போகணும். அந்த நாலு சீட்டு பெருசா, நாப்பது குடும்பம் பெருசா? நீங்களே சொல்லுங்க. நியாயம் யார் பக்கம்?"

"உங்க பக்கம்."

அவர் எதிர்பார்த்தது இதுவல்ல.

அம்மாளுக்கும் முகம் சிவந்திருந்தது. "அன்னைக்கு தண்ணி கேட்டு மதகடியில வெயில்ல உங்களோட உக்காந்திருந்தது யாரு? நான்தானே? 'சாமியாரம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை'ன்னு கோமதிநாயகம் ஆளு கேட்டான், நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க? அந்தாளு செய்தது அக்கிரமம். எவன் வந்து கேட்டாலும் சொல்லுவேன். நாளைக்கே திரும்ப உக்காரணும்னாலும் வாரேன். கலெக்டர் ஆபீசுக்கு நடக்கணும்னாலும் வாரேன்."

"அப்ப கையெழுத்துப் போடுங்கம்மா."

"ஒன்பது சீட்டுன்னு எழுதுங்க. போடுதேன்."

"ஒன்பதா?" மாசானமுத்து சிரித்த சிரிப்பில் சிரிப்பு இல்லை. "ஒன்பதையும் சேத்தா என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லுங்க."

"எங்களுக்கு முந்நூத்திப் பதினெட்டு. அவனுக்கு முந்நூத்தி இருபத்தொண்ணு. மூணு ஓட்டுல தோப்போம்."

"ஒன்பதையும் தள்ளினா?"

"எங்களுக்குப் பதிமூணு, அவனுக்குப் பதினேழு. நாலு ஓட்டுல தோப்போம்."

"இப்ப எழுதிக் கொண்டாந்திருக்கிறபடி பாத்தா?"

அவர் இந்த மூன்று கணக்கையும் மடத்துக்கு வருகிற வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டே எத்தனை தடவை போட்டுப் பார்த்தாரோ. மாற்றிப் போட்டாலும் மாறவில்லை.

"எங்களுக்குப் பதினெட்டு, அவனுக்குப் பதினேழு," என்றார். "இதைவிட்டா எங்களுக்கு வேற வழி இல்லம்மா."

"ம்."

"ஒன்பதுன்னு எழுதிக் கொடுத்துட்டு நான் எந்த மூஞ்சியோட கடைமடைக்குப் போக? நேத்து வேட்டுப் போட்டவன்லாம் இன்னைக்கு என் வீட்டு வாசல்ல நிப்பான். விலை போயிட்டான் மாசானமுத்துன்னு சொல்லுவான். பேச்சித்தாய் ஒண்ணும் சொல்ல மாட்டா, சும்மா பாப்பா. அதைத் தாங்க முடியாதும்மா."

உலகம்மை அம்மாள் கீழே உட்கார்ந்தார். மாசானமுத்துவையும் உட்காரச் சொன்னார். மனுவைத் தரையில் விரித்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் ஒரு கல்லை வைத்தார்.

"அண்ணாச்சி, முந்தாநாள் நானும் ஓட்டுப் போட வந்தேன்."

"பாத்தேனே. நான்தான் பேரை டிக் அடிச்சேன்."

"முத்திரையைக் குத்தினேன். நீங்க எல்லாரும் சுத்தி நின்னு பாக்குதீங்களே, அந்தப் படபடப்பு எனக்கும் இருந்துது. மை காயுமுன்ன குறுக்க மடிச்சுட்டேன். ஏதோ தோணி, பெட்டியில போடுமுன்ன ஒருதரம் பிரிச்சுப் பாத்தேன். ரெண்டு கட்டத்துலயும் மை. யார்கிட்டப் போய்க் கேக்க? மறுபடி மடிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்."

மாசானமுத்து விருட்டென்று எழுந்தார். போன கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"அடப்பாவிகளா. அப்ப அந்த அஞ்சுல ஒண்ணு உங்க ஓட்டாம்மா? மடத்தம்மா ஓட்டையேவா செல்லாதுன்னு தூக்கிப் போட்டானுவ? இதைச் சும்மா விடுறதா? இப்பவே போய் அந்த அதிகாரி மேசையில..."

"அஞ்சுல ஒண்ணுன்னு நான் சொல்லலியே."

எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

மடத்து நிலம் இரண்டு ஏக்கர். அது தலைமடையிலும் இல்லை, கடைமடையிலும் இல்லை, நடுமடையில் கிடக்கிறது. சாவி எவர் கையில் இருந்தாலும் அதற்குத் தண்ணீர் பாயும். அந்த அம்மாள் யாருக்குப் போட்டிருப்பார் என்று மாசானமுத்து இதுவரை யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் நினைத்ததில்லை. மதகடியில் தன்னோடு உட்கார்ந்தவர் தன் சின்னத்துக்குத்தானே போட்டிருப்பார்?

நேற்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நாலு சீட்டும் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்தன. மூன்றாவது சீட்டைத் தூக்கிப் போடும்போது அவர் சிரித்திருந்தார்.

மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். மணி மூன்றேகால் ஆகியிருந்தது. கல்லுக்கு அடியில் மனுவின் ஓரம் படபடத்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அம்மா... எந்த ஓட்டும்மா உங்களோடது? அஞ்சுலயா, நாலுலயா?"

உலகம்மை அம்மாள் கல்லை எடுத்துவிட்டு, மனுவை அவர் பக்கமாகத் தள்ளி, மேலே பேனாவை வைத்தார்.

"அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் என் ஓட்டை எண்ணுவீங்களா, அண்ணாச்சி?"