உள்ளே ஒன்றுமில்லாத வானிலை

ஊர் பேரைச் சொன்னால் அடிக்க வருவார்கள். தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆவுடை, தொந்தீஸ்வரன், பிச்சாண்டி மூன்று பேரும் கூட்டாக ஒரு அச்சகம் நடத்தினார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதுவும் அன்றைக்கு லீவு.

சப்பாணிமுத்து தன் மகள் கல்யாணத்துக்கு முந்நூறு பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்கு ஒன்பதே நாள். சாயங்காலத் தபாலைத் தவறவிட்டால் ஒருத்தருக்கும் போய்ச் சேராது.

கம்ப்யூட்டர் திரை மூலையில் வானிலை சொல்லும் மென்பொருள் ஒன்று, யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது. அன்று கருமேகம் காட்டியது.

"கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடத்துல கருமேகமா? தூக்குலே அத," என்றார் ஆவுடை.

தொந்தீஸ்வரன் தூக்கப் போனார். கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது: வானிலையை எடுத்தால் அதை நம்பியிருக்கும் நாட்காட்டியும் போகும், நாட்காட்டியை நம்பியிருக்கும் பத்திரிகை மென்பொருளும் போகும். சம்மதமா?

"நாள் பாக்காம பத்திரிகை ஏது? நியாயமாத்தான் பேசுது," என்றார் பிச்சாண்டி.

"இவ்வளவு மரியாதையாக் கேக்கும்போது மாட்டேன்னா சொல்ல முடியும்?" என்றார் தொந்தீஸ்வரன்.

சம்மதித்தார்கள். எல்லாம் போனது. திரும்ப ஏற்றினால், பத்திரிகை நாட்காட்டியோடு வந்தது, நாட்காட்டி வானிலையோடு வந்தது, வானிலை கருமேகத்தோடு வந்தது.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரெஜினாவுக்குப் போன் போட்டார்கள்.

"அண்ணாச்சி, அந்த நாட்காட்டிக்கு வானிலை வேண்டாம். வானிலைன்னு பேரு இருந்தாப் போதும். உள்ள ஒண்ணுமில்லாம அதே பேருல ஒரு டம்மி போட்டா நம்பிரும். இருங்க, இங்க இருந்தே போடுதேன்."

போட்டாள். மேகம் போனது, பத்திரிகை மென்பொருள் போகாமல் நின்றது. கம்ப்யூட்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது. "பேரே போதுமாமே! இத்தன வருஷமா உள்ள சாமான் வச்சுல்லா கெட்டுப்போனோம்!"

அடுத்து பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. பிச்சாண்டி 'மை' என்று காகிதத்தில் எழுதி, காலித் தொட்டியில் ஒட்டினார். மை ஊற்றியாகிவிட்டதா என்று பிரிண்டர் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினார்கள். அதுவும் நம்பி, முந்நூறையும் கடகடவென்று தள்ளியது.

"ஒரு எழுத்தும் விழலியே?" என்றார் தொந்தீஸ்வரன்.

"கவர் மேல 'கல்யாணப் பத்திரிகை'ன்னு எழுது. உள்ள எவன் பாக்கான்?" என்றார் ஆவுடை.

விலாசத்தைக் கையால் எழுதித் தபாலிலும் சேர்த்துவிட்டார்கள். விசாரிக்க வந்து, மிச்சமிருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்த சப்பாணிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏ பாவிகளா! நாள் இல்ல, மண்டபம் இல்ல! எவன்லே வருவான்?"

"எதுக்கு வரணும்? நாற்காலிக்கு நாற்காலி பேரு ஒட்டிருவோம்," என்றார் தொந்தீஸ்வரன்.

"சம்பந்தி வீட்டுக்கும் வெத்துக் கவரா போயிருக்கு? மாப்பிள்ள கோவிச்சுட்டு வராமப் போயிட்டா?"

ஆவுடை நிதானமாகப் பசையை எடுத்தார்.

"போகட்டும் அண்ணாச்சி. மாப்பிள்ள பேர மட்டும் சொல்லுங்க, பெரிய எழுத்தா மணையில ஒட்டிருவோம். பொண்ணு குனிஞ்ச தல நிமிராம இருந்தாப் போதும், நம்பிரும்."