நூற்றெட்டுப் பட்டங்களும் ஓர் அரிசிச் சீட்டும்

மணலூரை ஆண்ட வீரகேசரி மகாராஜாவின் அரண்மனைக்கும் ஒரு கணினி வந்து சேர்ந்திருந்தது. குடிகளுக்கு அரிசிச் சீட்டு அடித்துத் தருவதுதான் அதன் வேலை. நிரல் எழுதியவள் கோமளவல்லி. ஒரு சீட்டுக்கு நாற்பது விநாடி பிடித்தது. வரிசை வாசலைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, மறுபடி வாசலுக்கே வந்து நின்றது.

"கணினியும் கிழடு, இவள் நிரலும் மட்டம், மன்னா," என்றார் மந்திரி சர்வோத்தமர். "என் மைத்துனரிடம் புதிதாகப் பத்து இருக்கிறது. இவளை நாடு கடத்திவிடலாம்."

கோமளவல்லி மன்னரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அவையில் வாயாடி என்று பேரெடுத்த தாண்டவராயன் எழுந்தான். "நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்துவிட்டுக் கடத்தலாமே? நாளைவரை பொறுங்கள்."

"சரி. தவறினால் நீயும் அவளோடு நட!" என்றார் மன்னர்.

இருவரும் ப்ரொஃபைலர் என்ற கருவியை ஓடவிட்டார்கள். ஓடுகிற நிரலை அது நூறு தடவை எட்டிப் பார்த்தது. அந்தந்தக் கணத்தில் நிரல் என்ன செய்கிறது என்று குறித்துவைத்தது. பெயர் தேடியது மூன்று தடவை. அளவு பார்த்தது இரண்டு. அச்சடித்தது ஒன்று. மீதித் தொண்ணூற்று நாலைப் பார்த்த கோமளவல்லி தலையில் கைவைத்தாள்.

"ஐயா, இது மன்னரே போடச் சொன்னது. எப்படிச் சொல்வது?"

"நாம் ஏன் சொல்ல வேண்டும்?" என்றான் தாண்டவராயன்.

மறுநாள் அவையில் கட்டியங்காரனை நிறுத்தினான். "ஒரே ஒரு சீட்டுக்குக் கணினி படும் பாட்டை இவர் வாயால் செய்துகாட்டுவார், மன்னா."

கட்டியங்காரன் ஆரம்பித்தான். மன்னரின் நூற்றெட்டுப் பட்டங்கள். ஒவ்வொன்றையும் அண்டை நாட்டு அரசர் ஒன்பது பேரின் பட்டங்களோடு ஒப்பிட்டு, நம்முடையதுதான் பெரிது என்று உறுதிசெய்ய வேண்டும். இருபத்துமூன்றாம் பட்டத்தில் மந்திரி குறட்டை விட்டார். முப்பதாவதில் மன்னர் குதித்தெழுந்தார்.

"நிறுத்து! எந்த மடையன் இதைச் செய்யச் சொன்னான்?"

அவையில் விழித்திருந்த முப்பத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

மன்னர் மெல்ல உட்கார்ந்தார். இருமினார். "ஒரு பட்டம் மட்டும் இருக்கட்டும். எதை வைக்கலாம்?"

"பொறுமைக் கடல்," என்றான் தாண்டவராயன்.

"ஆகா! எனக்கென்றே செய்தது."

"இல்லை, மன்னா. அது வெளியே வரிசையில் நிற்பவர்களுடையது. தவறி உங்கள் பட்டியலில் ஏறிவிட்டது."

மன்னர் சிரித்த சிரிப்பில் மந்திரி விழித்துக்கொண்டார். அடுத்த சீட்டு இரண்டரை விநாடியில் வந்தது. அதில் இப்படி இருந்தது: "பொறுமைக் கடல் மூக்காயி, அரிசி பத்துப் படி."