கேட்காமல் எடுத்த கூறு

அந்தக் காலத்தில் பறவையும் விலங்கும் பேசும். பேசுவதோடு நிற்காமல் வேலையும் செய்யும். கடற்கரையில் நாய் படகுகளைக் காத்தது. நீர்நாய் மீனை வலைக்குள் விரட்டியது. பூனை, வலையைக் கடிக்கும் எலிகளைப் பிடித்தது. காகம் விடிந்ததும் மணலில் கிடக்கும் மீன்குடலைப் பொறுக்கிக் கரையைச் சுத்தம் செய்தது. எல்லாவற்றுக்கும் வேலை என்று ஒரே பெயர்தான். மீனைப் பங்கு போடும் கூழைக்கடா, "வேலை செஞ்சவங்க வாங்கப்பா" என்று கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கூறு கொடுக்கும்.

ஒருநாள் கப்பலிலிருந்து ஒரு கிளி இறங்கியது. நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்த மிதப்பு அதற்கு.

"எல்லாத்தையும் வேலைன்னா எப்படி?" என்றது. "ஒண்ணும் நடக்காட்டியும் நாய் இடத்தைவிட்டு நகர முடியாது. அது டியூட்டி. நீர்நாய்க்கு உடம்பு நோகுது, அது லேபர். பூனையைக் கூப்பிட்டு வெச்சிருக்கீங்க, பிடிக்கலன்னா வேற கரைக்குப் போயிடும். அது ஜாப்."

"என்னோடது?" என்றது காகம்.

"உன்னை யாரும் வெக்கல. நோவும் இல்ல. அது ஹாபி. சும்மா பொழுதுபோக்கு."

"பொழுதுபோக்குக்கு யாராச்சும் கூறு குடுப்பாங்களா?" என்று கூழைக்கடா கையை விரித்துவிட்டது.

"என் குஞ்சுங்களுக்கு அழுகல் ஆகாது அண்ணே. பச்சை மீன்தான் தின்னும்."

மற்ற மூன்றும் தங்கள் கூறைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. எனக்கு அந்த நாய்மேல்தான் கோபம். காகத்தோடு தினமும் ஊர்க்கதை பேசியது அதுதான்.

மூன்று நாள் காகம் வரவில்லை. கரை நாறியது, ஈ மொய்த்தது. கூழைக்கடா காகத்தின் மரத்தடிக்கே போய், "வந்து பண்ணிட்டுப் போயேன்" என்றது.

"ஹாபிதானே அண்ணே? தோணும்போது வரேன்."

அன்று சாயங்காலம், அலைந்தும் பச்சை மீன் கிடைக்காமல், மூன்று குஞ்சில் கடைக்குட்டி செத்துப்போனது.

மறுநாள் காகம் கரைக்கு வந்து எப்போதும்போல் சுத்தம் செய்தது. பிறகு நேராகக் கூறு போடும் இடத்துக்குப் போய், கூழைக்கடாவின் கண்ணெதிரிலேயே ஒரு மீன்மேல் காலை வைத்தது. கிளி தடுக்க வந்தது.

"இதுக்கும் ஒரு பேரு கண்டுபிடி" என்ற காகம், மீனைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

அன்று முதல்தான் காகம் யாரையும் கேட்காமல் மீன் கூடையில் வாய் வைக்கிறது. விரட்டினாலும் ரொம்ப தூரம் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறது. எடுத்தது தன் கூறைத்தான் என்று அதற்குத் தெரியும்.