டாரகன் தழையிட்ட சொதி

1987 மார்ச் 5, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. கோத்தகிரிக்கு மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த மரகதம்மாளின் குடிலுக்குப் பதினேழாவது சீடராக வந்து இறங்கினார் கல்லிடைக்குறிச்சி குற்றாலலிங்கம். சீடருக்கு வயது அறுபத்தெட்டு. குருவுக்கு ஐம்பத்திரண்டு.

அவர் ஞானம் தேடி வந்தவர் அல்ல. கல்யாணச் சமையல்காரரை அவர் ஊர்ப்பக்கம் தவசிப்பிள்ளை என்பார்கள். நாற்பத்தைந்து வருடம் தவசிப்பிள்ளையாக இருந்தவர், மாசி மாதம் ஒரு விருந்தில் கோட்டை அடுப்புக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். ரத்தக்கொதிப்பு என்றார் டாக்டர். உப்பை விட்டால் பிழைக்கலாம், விடாவிட்டால் அடுத்த தடவை எழுந்திருக்க மாட்டீர்கள் என்றார்.

மகன் நெல்லையப்பன் கரண்டியை வாங்கிக்கொண்டான்.

"கொதிப்பு இறங்கட்டும்ப்பா. இறங்குனா கரண்டி மறுபடி உங்க கைக்கு வந்துரும். அதுவரைக்கும் மலையில போய் இருங்க" என்று சொல்லி அனுப்பி வைத்தான்.

குடிலில் சமையலுக்கு உப்புப் போடுவதில்லை. வேண்டியவர்கள் இலையில் போட்டுக்கொள்ள ஒரு மரக்கிண்ணம் பந்தியில் கைமாறி வரும். குற்றாலலிங்கத்தின் முறை வரும்போது பக்கத்தில் இருக்கும் ரங்கய்யா அதை அவருக்கு எட்டாமல் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார். ரங்கய்யா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூர்க்காரர்.

"உங்க வண்டிக்கு இன்னும் சிக்னல் விழலீங்க அண்ணாச்சி" என்பார்.

நாலாம் நாள் குற்றாலலிங்கம் பொடி டப்பாவை எடுத்துத் திறந்து, இலை ஓரத்தில் தட்டினார். விழுந்தது மூக்குப்பொடி இல்லை, கல்லுப்பு. ரங்கய்யா பார்த்துவிட்டார்.

"அம்மா! இவரு மூக்குல போடறதச் சோத்துல போடறாருங்க!"

மரகதம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பந்தியே பார்த்தது.

"டப்பாவ நீங்களே வெச்சுக்குங்க. தீந்துபோனா சொல்லுங்க, தர்றேன்" என்றார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார்.

குற்றாலலிங்கத்துக்கு அன்றைக்கு அந்த உப்பும் இறங்கவில்லை.

ஒரு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார். மூன்று வாய் தின்பார், இலையை மூடுவார். உப்பில்லாத பீன்ஸ் கூட்டை வாயில் வைத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சியை நினைத்துக்கொண்டிருப்பார். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் சொதி வைப்பார்கள். முதல் நாள் சாம்பாரும் ரசமும் தின்று சலித்த வயிற்றுக்குத் தேங்காய்ப்பாலில் ஒரு குழம்பு. விடியுமுன் நூறு தேங்காய் துருவுகிற சத்தம், பாசிப்பருப்பு வேகிற வாசனை, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைபடுகிற ஆட்டுரல், கழுவி அடுக்கிய வாழையிலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர். இதையெல்லாம் சாயங்காலங்களில் ரங்கய்யாவிடம் சொல்லுவார். எச்சில் விழுங்கிக்கொண்டே கேட்ட ரங்கய்யா ஒருநாள், "போதுமுங்க அண்ணாச்சி, இதுக்கு மேல சொன்னா நான் ராத்திரி பஸ்ஸுக்குக் கெளம்பிருவேன்" என்றார்.

எட்டாம் நாள் காலை மரகதம்மாள் அவரைச் சமையலறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். குடில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் தோட்டத்துரையின் வீடு. துரை போய்விட்டார். அவர் வைத்த பாத்தி ஒன்று மட்டும் இருந்தது. முழங்கால் உயரச் செடி. மூங்கில் இலையைச் சின்னதாக்கிய மாதிரி மெல்லிய, நீண்ட இலைகள்.

"டாரகன். மெல்லுங்க."

மென்றார். முதலில் புல். பிறகு இனிப்பு. பிறகு நாக்கின் நுனி லேசாக மரத்தது. அதற்கும் பிறகு வாய் முழுக்கச் சோம்பு மணத்தது.

குற்றாலலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய ஆசான் சுப்பையாபிள்ளை அடுப்படியில் எந்நேரமும் சோம்பு மென்றுகொண்டிருப்பார். அவர் குனிந்து ஏதாவது சொன்னால் இந்த வாசனைதான் முதலில் வரும், ஏச்சு பிறகு வரும். ஆசான் செத்து முப்பது வருடம்.

"இது சோம்புத்தழைல்லா!" என்றார்.

"உங்க ஊருல இருக்கா?"

"செடி இல்ல தாயி. வாசனை இருந்துச்சு."

மரகதம்மாள் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அன்றைக்கு உருளைக்கிழங்கு மசியலில் அந்தத் தழையைக் கிள்ளிப் போட்டார். குற்றாலலிங்கம் இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். உப்பு இல்லை என்பது கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் கேட்டார்.

"இதுல என்ன சத்து இருக்கு தாயி?"

"இரும்பு இருக்கு, சுண்ணாம்பு இருக்கு, இன்னும் என்னென்னவோ இருக்குன்னு டாக்டர் சொல்றார். கட்டுக்கட்டாத் தின்னாத்தான் ஒடம்புல ஒட்டும். நாம போடறது பத்து எல."

"அப்ப எதுக்குப் போடுதீக?"

"நேத்து எத்தன கரண்டி மசியல் சாப்பிட்டீங்க?"

"ரெண்டு... மூணு இருக்கும்."

"அந்தச் சத்துதான்."

அடுத்த வாரம் சமையல் முறை குற்றாலலிங்கத்துக்கு வந்தது. கோசும் கேரட்டும் பொரியல். கரண்டி பிடித்துப் பல நாளாகிவிட்ட கை. எண்ணெய் காய்ந்ததும் கடுகு போட்டார், உளுத்தம்பருப்புப் போட்டார், கறிவேப்பிலையைப் போடுகிற மாதிரி இரண்டு கைப்பிடி டாரகனை உருவிச் சடசடவென்று போட்டார். தழை கறுத்துச் சுருண்டது. வாசனை புகைபோக்கி வழியாக மலைக்குப் போயிற்று. பந்தியில் எல்லோரும் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல அதை விரலால் பொறுக்கி இலை ஓரத்தில் வைத்தார்கள்.

"பாத்தியில பாதி என்ற எல ஓரத்துல கெடக்குதுங்க அண்ணாச்சி" என்றார் ரங்கய்யா.

"வாய மூடிட்டுத் தின்னும்வே" என்றார் குற்றாலலிங்கம். முகம் சுண்டிப்போயிற்று.

கை கழுவிய பிறகு மரகதம்மாள் கேட்டார்.

"சொதிக்கு மொதல் தேங்காய்ப்பால எப்ப ஊத்துவீங்க?"

"எறக்குதப்பதான்."

"ஏன்?"

"கொதிச்சா திரிஞ்சு போகும்லா."

மரகதம்மாள் எழுந்து போய்விட்டார். குற்றாலலிங்கம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தழையை அடுப்பில் காட்டவில்லை. பருப்பை இறக்கி வைத்துத் தூவினார், காளானில் கடைசியில் கிள்ளிப் போட்டார், வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடியில் பச்சையாக நறுக்கிச் சேர்த்தார். வெயிலில் காயவைத்து வற்றலாக்கவும் ஒருதடவை பார்த்தார், வைக்கோல்தான் மிஞ்சியது. மார்கழிப் பனி செடியைக் கருக்கும் முன்னே கொஞ்சம் தழையை வினிகர் பாட்டிலில் போட்டு மூடிவைக்க மரகதம்மாள் காட்டிக்கொடுத்தார். பனிக்காலம் முழுக்க அந்த வினிகர்தான்.

மாதம் ஒருமுறை வந்த டாக்டர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் தலையாட்டினார். தை பிறந்தபோது, "இனி ஊருக்குப் போய் வரலாம்" என்றார்.

பெட்டி கட்டும்போது பொடி டப்பா அகப்பட்டது. மலை ஈரத்தில் உப்பு கசிந்து உள்ளே தண்ணீராகக் கிடந்தது. அதைக் கடைசியாக எப்போது திறந்தோம் என்று யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை.

ஊரில் தங்கை பேத்தியின் கல்யாணம். மறுவீட்டு விருந்தில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குற்றாலலிங்கம் பந்தியில் உட்கார்ந்தார். அடுப்படியில் நெல்லையப்பன். இலையில் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், இஞ்சிப் பச்சடி. மகனே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து சொதி ஊற்றினான்.

பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்த சொதி. பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

நாக்கு சுள்ளென்று எரிந்தது. உப்பு. தேங்காய்ப்பால் தெரியவில்லை, இஞ்சி தெரியவில்லை, பாசிப்பருப்பு தெரியவில்லை. உப்பு மட்டும் தெரிந்தது.

"எப்படிப்பா இருக்கு?" மகன் எதிரிலேயே நின்றான். "உங்க அளவுதான். ஒரு கல்லு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

குற்றாலலிங்கம் இடமும் வலமும் பார்த்தார். சம்பந்தி வீட்டார் உறிஞ்சிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சொதி, இங்க சொதி" என்று இரண்டு பேர் கையை நீட்டினார்கள்.

"நல்லா இருக்குய்யா" என்றார்.

"ஒடம்பு தேறிட்டுல்லா. பங்குனி முகூர்த்தத்துக்கு நீங்களே வைங்கப்பா. கரண்டி உங்களுதுதான்."

அவர் தலையாட்டினார். மகன் அடுத்த இலைக்கு நகர்ந்ததும் மோரை வாங்கிச் சோற்றில் நிறைய ஊற்றிக்கொண்டார்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் குடிலுக்குத் திரும்பினார். தைப்பூசத்தன்று சுற்றுத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் குடிலில் சாப்பாடு உண்டு. மரகதம்மாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குற்றாலலிங்கம் பெட்டியை வைக்காமலே நின்றார்.

"என் நாக்க எடுத்துக்கிட்டீகளே தாயி."

மரகதம்மாள் கத்தியை வைத்தார். குற்றாலலிங்கம் விருந்தில் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் கேட்டார்.

"அந்தச் சொதி எப்பவுமே அப்படித்தான் இருந்துச்சா? இல்ல, நான் மாறிட்டேனா?"

"கொஞ்சம் கொண்டு வந்திருந்தா நானும் சாப்பிட்டுப் பாத்திருப்பேன்."

"தேங்காய்ப்பால் தாயி. மதுர தாண்டாது." பெட்டியைக் கீழே வைத்தார். "பஸ்ஸுல வாரப்ப ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. என் பந்தியில தண்ணி ஊத்துதவன் ஒருநாளும் உக்காந்தது கெடையாது. ஓடிக்கிட்டே இருப்பான். ஆளுக ரசிச்சுத் தின்னுதாகன்னு நெனச்சேன், உப்புத் தாகம்னு தெரியல. நாப்பத்தஞ்சு வருசம் அத நான் பெருமையா வெளியில சொல்லியிருக்கேன்."

ரங்கய்யா வாசலில் வந்து நின்றார். கேலி செய்ய வாயைத் திறந்தவர், குற்றாலலிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"மகன் கரண்டியத் தாரேங்கான்" என்றார் குற்றாலலிங்கம். "வாங்கி என்ன செய்ய? பழைய அளவு போட்டா எனக்குப் பிடிக்கல. புது அளவு போட்டா ஊருல காறித் துப்புவான். எந்தச் சொதிய நெனச்சு இத்தன நாள் உசிரோட இருந்தேனோ, அது இப்ப மனசுலயும் கரிக்கு."

மரகதம்மாள் நறுக்கிய காயைக் கூடையில் தள்ளினார்.

"நாளைக்கு நீங்க சமைங்க. சொதி வைங்க. உப்புப் போட்டே வைங்க."

மறுநாள் விடியுமுன் தேங்காய் துருவினார்கள். ரங்கய்யாவும் துருவினார். "இந்தச் சத்தத்தத்தானுங்களே இத்தன நாளாச் சொன்னீங்க" என்றார். மூன்று பால் எடுத்தார்கள். பருப்பு வெந்தது, காய் வெந்தது, இஞ்சியும் மிளகாயும் அரைத்துக் கலந்தாயிற்று. அண்டாவை இறக்கி முதல் பாலை ஊற்றினார். எலுமிச்சைக்குப் பதிலாக டாரகன் வினிகரை அளவாக விட்டார். சமையலறை முழுக்கச் சோம்பு மணந்தது.

மரகதம்மாள் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார். குற்றாலலிங்கம் கையை உள்ளே விட்டார். ஒரு பிடி அள்ளினார். பாதியை உள்ளேயே உதிர்த்தார். மறுபடி அள்ளினார். கை ஜாடிக்குள்ளேயே நின்றது.

"பழைய அளவா, இப்ப உள்ள அளவா தாயி?"

வெளியே பேச்சுக்குரல் கேட்டது. காலையிலிருந்து சரிவில் ஏறி இறங்கிய பெண்கள் முதுகுக்கூடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசியில் இரண்டு மூன்று பல்லில்லாக் கிழவர்களும் இருந்தார்கள்.

மரகதம்மாள் ஜாடியிலிருந்து அவர் கையை வெளியே எடுத்தார்.

"எங்கிட்ட என்ன கேக்கறீங்க? சாப்பிடறவங்க வாசல்ல வந்து உக்காந்திருக்காங்க. போய்ப் பாத்துட்டு வந்து போடுங்க."

1989 பிப்ரவரி 2, வியாழக்கிழமை, அம்பாசமுத்திரத்தில் நடந்த ஒரு மறுவீட்டு விருந்துக்குக் குற்றாலலிங்கம் சொதி வைத்தார். அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். தண்ணீர் ஊற்றுகிறவன் பாதி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.